கோடைக்கான கணக்கை மாசியிலேயே பார்ப்போம்

எமது பிரதேசத்தில் கோடை என்பது வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி முடியும்வரை நீளும் ஐந்து மாத காலம். மாரி மழை தையுடன் ஓய்ந்துவிட்டால், இடையில் சித்திரையில் இரண்டொரு இடிமழை கிடைப்பதைத் தவிர, ஐப்பசி வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வைகாசியில் சோளகக் காற்று வீசத் தொடங்கும். அது தன்னிடமுள்ள மழையைத் தென்மேற்கிலும் மலைநாட்டிலும் இறக்கிவிட்டு, வெறும் காற்றாகவே வன்னிக்கு வருகின்றது. நிலத்தில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகின்றது. இந்த ஐந்து மாதங்களையும் நான்கைந்து மாடுகளுடன் எப்படிக் கடந்து வருகின்றோம் என்பதைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமமொன்றில் வசிக்கின்றேன். 2009 இல் கணவரை இழந்தேன். 2010 இல் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது என்னுடன் மாமியும் நான்கு வயது மகளும் இருந்தார்கள். போருக்கு முன்னர் மாமியின் வீட்டில் பெரிய பட்டி இருந்தது. இடம்பெயர்ந்த அன்று எல்லா மாடுகளின் கயிறுகளையும் மாமி தன் கையாலேயே அறுத்துவிட்டார். கட்டி வைத்துவிட்டு வந்தால் தண்ணீரில்லாமல் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். எம்மில் பலருடைய வீட்டிலும் இதுதான் நடந்தது. திரும்பி வந்தபோது எமது மாடுகளில் ஒன்றுகூட இல்லை. 2011 இல் வாழ்வாதார உதவியாகக் கன்றுத்தாய்ச்சி மாடு ஒன்று கிடைத்தது. அந்த ஒன்றிலிருந்து பெருகியதுதான் இன்றைய எமது சிறிய பட்டி. மகளின் படிப்புச் செலவும் மாமியின் மருந்துச் செலவும் இதிலிருந்தே போயின.

பதின்மூன்று, பதினான்கு கோடைகளைக் கண்டபின் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். கோடையில் மாட்டைக் காப்பாற்றும் வேலை கோடையில் தொடங்குவதல்ல. காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களிலேயே அது தொடங்கிவிடுகின்றது. வயலில் வைக்கோல் சும்மா கிடக்கும்போது, கிணறு நிறைந்திருக்கும்போது, மாடு கொழுத்திருக்கும்போது நாம் செய்யும் கணக்குத்தான் ஆவணியில் மாட்டை நிற்க வைக்கின்றது.

முதலில் வைக்கோல் கணக்கைச் சொல்கின்றேன். எமது அளவான கலப்பின மாடொன்று கோடையில் பச்சைத் தீனுடன் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு கிலோ வைக்கோல் தின்னும். வைகாசி முதல் புரட்டாதி வரை 150 நாட்கள். ஆகவே ஒரு மாட்டுக்கு 900 கிலோ. சிதறுவதையும் நனைந்து பழுதாவதையும் சேர்த்தால் மாட்டுக்கு ஒரு தொன் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மாட்டுக்கு மூன்று தொன். இந்த எண்ணை மாசி மாதத்திலேயே ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அறுவடை முடிந்த கையோடு, பலர் வயலிலேயே வைக்கோலுக்கு நெருப்பு வைத்துவிடுகின்றார்கள். நாம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் ஏற்றுகூலியை மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆவணியில் அதே வைக்கோலை விலை கொடுத்து வாங்கத் தேடினாலும் கிடைக்காது.

மாமிக்கு இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. "எப்பவும் ஒரு போர் மிச்சம் இருக்கோணும் பிள்ளை. அடுத்த போகம் விளையுமெண்டு ஆர் கண்டது?" என்பார். புதிய வைக்கோல் வந்த பிறகுதான் பழைய போரில் கைவைக்க விடுவார். இந்த வழக்கத்தின் பெறுமதியை 2017 இல் கண்டோம். 2016 இன் கடைசியில் வரவேண்டிய மாரி பொய்த்துவிட்டது. நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சி என்று அப்போது பேசப்பட்டது. மாசியில் அறுவடை செய்ய வயலில் நெல்லே இல்லாதபோது வைக்கோல் எங்கே? எமக்குக் கைகொடுத்தது மாமி தொடவிடாமல் வைத்திருந்த அந்தப் பழைய போர்தான்.

ஆனாலும் அந்தப் போர் மூன்று மாடுகளுக்குத்தான் போதும். பட்டியில் நின்றவை ஐந்து. இரண்டு கறவை, ஒரு வற்றுக்கறவை, ஒரு நாகு, ஒரு நாம்பன். சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் இரண்டைக் கொடுத்துவிடுவதென்று முடிவெடுத்தேன். மாட்டைக் கொடுப்பது லேசான காரியமல்ல. பெயர் வைத்து வளர்த்த சீவன்கள். மகள் இரண்டு நாள் என்னுடன் கதைக்கவில்லை. நாகை, நீர்ப்பாசன வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சகோதரிக்குக் கொடுத்தேன். நாம்பனை வாங்க ஒரு வியாபாரி வந்தார். படலையில் நின்றுகொண்டே, "விலை கதைக்க ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். "மாடு என்ரை ஐயா. விலையும் நான்தான் சொல்லுவன்" என்றேன். கொழுத்த மாடாக இருந்தபடியால் நான் சொன்ன விலைக்குக் கிட்டவே முடிந்தது. ஆவணியில் அதே வியாபாரி, விலா எலும்பு தெரிந்த மாடுகளை அரைவிலைக்குக் கேட்டு ஊரெல்லாம் திரிந்தார். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் மாட்டில் சதை இருக்கும்போதே கொடுக்க வேண்டும். ஐந்தையும் பட்டினி போட்டு ஐந்தையும் இழப்பதைவிட, மூன்றை வயிறாரத் தீன் போட்டுக் காப்பது நல்லது.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. கறவை மாடொன்று கோடையில் நாளொன்றுக்கு 40 முதல் 60 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர்தான். மாடு குடிக்காததைக் கறக்க முடியாது. "தண்ணி கூடக் குடுத்தால் பால் தண்ணியாப் போகும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறான நம்பிக்கை. தண்ணீர் குறைந்தால் மாடு தீனையும் குறைத்துக்கொள்ளும், பாலும் இறங்கிவிடும். கன்று, நாகு எல்லாவற்றையும் சேர்த்தால் எம்மைப் போன்ற ஒரு சிறிய பட்டிக்கு நாளுக்கு ஒரு பரல், அதாவது 200 லீற்றர் தேவை.

எமது கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றேன். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் நிற்கின்றது என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். 2017 ஆனி மாதத்தில் பத்து நாளைக்கு ஒரு முழம் என்று தண்ணீர் இறங்கியது. அந்தக் கணக்கின்படி ஆவணி முடிவதற்குள் கிணறு வற்றிவிடும் என்று தெரிந்தது. தெரிந்தபடியால் யோசிக்க இரண்டு மாதம் கிடைத்தது. முதலில் தோட்டத்துக்கு இறைப்பதை நிறுத்தினேன். பிரதேச சபையின் பவுசர் கொண்டுவந்த தண்ணீரை எமது குடிப்புக்கும் சமையலுக்கும் வைத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் மாட்டுக்கு ஒதுக்கினேன். ஒரே நேரத்தில் அள்ளாமல், ஊற விட்டு, அதிகாலையிலும் இரவிலுமாக அள்ளினோம். அரிசி கழுவிய தண்ணீர், கஞ்சி எல்லாம் மாட்டுத் தொட்டிக்கே போயின.

அப்படியிருந்தும் ஆவணியில் அளந்துதான் கொடுக்க வேண்டி வந்தது. அந்த நாட்களில் மாமி கொட்டில் பக்கமே வரமாட்டார். ஒருநாள் இரவு படுத்திருந்தபடி சொன்னார்: "அண்டைக்கு அவிட்டு விட்டனாங்கள் பிள்ளை. அதுகள் தேடிக் குடிச்சிருக்கும். இண்டைக்குக் கட்டி வைச்சிருக்கிறம். கட்டி வைச்சதுக்கு நாங்கள்தான் தண்ணி." 2009 இல் ஒரு போத்தல் தண்ணீருக்காக எறிகணைகளுக்கு நடுவே வரிசையில் நின்றவர்கள் நாம். தாகம் என்னவென்று எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த நாளே அயலில் மாடு வைத்திருக்கும் நான்கு பெண்களுடன் கதைத்தேன். நால்வரில் மூவர் என்னைப் போலத் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். கமக்காரர் அமைப்பிடம் கேட்டு, வற்றிய குளத்தின் நடுப்பகுதியில் பூவல் தோண்டினோம். இரண்டு ஆள் ஆழத்தில் ஊற்றுக் கண்டது. ஐந்து வீட்டு மாடுகளையும் காலையும் மாலையும் ஒருவர் முறை வைத்துச் சாய்த்துக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டினோம். முறை இல்லாத மற்ற நான்கு பேரும் அன்று கூலி வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பார்க்கலாம். தனியாளாக ஒவ்வொருவரும் அலைந்திருந்தால் அந்த ஆவணியை ஒருவரும் தாண்டியிருக்க முடியாது. மழை வந்தபின் பூவலைச் சுற்றி முள்ளடைத்தோம். பிள்ளைகளும் மாடுகளும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக.

இனி வெயிலைப் பற்றி. மாட்டுக்கு மனிதரைப் போல வியர்வை சுரக்காது. தீன் செமிக்கும்போதும் அதன் உடம்பில் சூடு உண்டாகும். அதனால் வெயில் நேரத்தில் வயிறு நிறையத் தீன் போட்டால் மாடு இன்னும் வாடும். நாம் அதிகாலை நான்கரை மணிக்குப் பால் கறந்து, வெயில் ஏறுமுன் தீன் போட்டுவிடுவோம். வைக்கோலின் பெரும்பங்கை இரவுக்கு வைப்போம். நண்பகலில் நிழலும் தண்ணீரும் மட்டும். நிழலில் நிற்கும் மாட்டின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணலாம். நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் போனால் வெக்கை தாங்கவில்லை என்று அர்த்தம். வாயைத் திறந்து எச்சில் வடித்துக்கொண்டு நின்றால் உடனே தண்ணீர் காட்டி, உடம்பிலும் ஊற்ற வேண்டும். காற்றுப்படும் இடத்தில் நின்றால் ஊற்றிய தண்ணீர் காய்ந்து உடம்பைக் குளிர்த்தும். தண்ணீர் வீணாகாதபடி, எமது மாடுகளைப் புல் நட்ட பாத்திக்கு மேற்பக்கமாகக் கட்டித்தான் குளிப்பாட்டுவோம். மாட்டில் ஊற்றியது புல்லுக்கும் போய்ச் சேரும்.

கொட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீள்குடியேற்றத்தின்போது தந்த தகரங்களைக் கொண்டுதான் எம்மில் பலர் கொட்டில் போட்டோம். தகரம் மழைக்கு நல்லது. வெயிலுக்கு அடுப்பு மாதிரி. தகரத்தின் மேல் பனையோலையைப் பரப்பிக் கட்டிவிட்டால் உள்ளே இருக்கும் வெக்கை நன்றாகக் குறையும். கொட்டிலின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே அதிகம் விழாது. சுவர் தேவையில்லை. காற்று உள்ளே வந்து போக வேண்டும்.

பச்சைத் தீனுக்கு எமது வேலிதான் புல்வெளி. திரும்பி வந்த காலத்தில் காட்டுக்குள் குழை வெட்டப் போக எல்லோருக்கும் பயம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் பல இடங்களில் நின்றன. அதனால் வளவைச் சுற்றிக் கிளிசரியாக் கதியால்களை மாரி தொடங்கியதும் இரண்டடிக்கு ஒன்றாக நட்டோம். 2005 இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக அரசாங்கம் இதனை அறிவித்தது. வேர் ஆழமாகப் போவதால் கோடையிலும் குழை கிடைக்கும். வைக்கோலில் இல்லாத புரதச் சத்து இதில் நிறைய உண்டு. வெட்டியவுடன் போட்டால் அதன் மணத்துக்கு மாடு முகத்தைத் திருப்பும். அரை நாள் வாட விட்டுக் கொடுத்தால் பழகிவிடும். இதையே முழுத் தீனாகக் கொடுக்கக் கூடாது. வைக்கோலுடன் கலந்து, மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும். வேலி அடர்ந்தபின் இரவில் பயமில்லாமல் படுக்கக்கூடியதாகவும் இருந்தது. ஆண்துணை இல்லாத வீட்டுக்கு அதுவும் ஒரு பலம்தானே.

வைக்கோலுக்கு யூரியா ஊட்டுவதையும் கால்நடைப் போதனாசிரியர் ஒருவரிடம் பழகினேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, படை படையாகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி இரண்டு வாரம் வைக்க வேண்டும். திறந்தபின் காரமான மணம் போகும்வரை ஆற விட்டு, முதலில் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். வைக்கோல் மெதுவாகும், மாடு கூடுதலாகத் தின்னும், சத்தும் ஏறும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது. யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஆகவே கரைத்த வாளியை அந்த இடத்திலேயே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். அளவு தெரியாமல் யாரும் தொடங்க வேண்டாம். முதல் தடவை ஒரு போதனாசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இதற்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் கிணறு நிறைந்திருக்கும் பங்குனிக்குள் முதல் போரை முடித்துவிடுவேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபின் யூரியா எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் கோடையில் உப்புக் கலந்த கழுநீரை வைக்கோலில் தெளித்து, கிளிசரியாக் குழையைக் கூட்டிக் கொடுத்துத்தான் சமாளித்தோம். கடையில் வாங்கும் பொருள் ஒருநாள் இல்லாமற் போகலாம். வேலியில் நிற்பது நிற்கும்.

கோடையில் மாட்டைவிட எம்மை வாட்டும் விடயம் ஒன்றுண்டு. பால் கொடுக்கும் இடத்தில் வரும் பேச்சு. 2017 ஆடியில் ஒருநாள் பாலை அளந்தவர், பால்மானியைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற எல்லோர் முன்னிலையிலும் "அக்கா, தண்ணி கலந்திருக்கு" என்றார். ஒரு வாளித் தண்ணீருக்கு நாய்படாப் பாடுபடும் காலத்தில், பாலில் ஊற்றத் தண்ணீருக்கு எங்கே போவது? அழுகை வந்தது. ஆனால் அழுதுவிட்டுத் திரும்பவில்லை. போதனாசிரியரிடம் விசாரித்தேன். தீன் குறைந்த மாட்டின் பாலில் கொழுப்பல்லாத திண்மம் குறையும், அதனால் பால்மானியும் இறங்கிக் காட்டும் என்றார். பால் சூடாக இருந்தாலும் அளவு குறைவாகவே காட்டும், வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்திப் பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். அவரே வந்து, எல்லோருக்கும் முன்னால் கறந்து அளந்து காட்டினார். தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் சிறிது கூட்டிக் கொடுத்தபின் அளவு மெல்ல ஏறியது. சகோதரிகளே, உங்களுக்கு இப்படி ஒரு பேச்சு வந்தால் தலைகுனிந்து வந்துவிடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள். திரும்ப அளக்கச் சொல்லுங்கள். பாலுக்குக் கிடைக்கும் காசு எவ்வளவு முக்கியமோ, ஊரில் எமக்கிருக்கும் நாணயமும் அவ்வளவு முக்கியம்.

சினைக்கு விடுவதிலும் கணக்குப் பார்க்கலாம். தை, மாசியில் சினைப்படுத்தினால் ஒன்பது மாதமும் பத்து நாளும் கழித்து ஐப்பசி, கார்த்திகையில் கன்று ஈனும். அப்போது புல் தளதளவென்று இருக்கும். வரட்சி கடுமையான ஆவணி, புரட்டாதி மாதங்கள் பால் வற்றிய காலமாக அமைந்துவிடும். வயிற்றுக் கன்றுக்காக அப்போதும் நல்ல தீன் வேண்டும். என்றாலும் கறவையின் சுமை இராது. கடும் வெக்கையில் சினைப்படுத்தினால் பிடிப்பதும் குறைவு. ஆனால் மாரிக் கன்றுக்கு நனையாத, குளிர்காற்றுப் படாத இடம் வேண்டும். 2022 மார்கழியில் அடித்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ மாடுகள் விறைத்துச் செத்ததை நாம் மறக்கவில்லை.

வாழ்வாதார உதவி கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அதிக பால் தரும் என்று குளிர்ப் பிரதேச இனங்களை வைகாசி வெயிலில் ஒரு விதவைப் பெண்ணின் வளவில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். எமது ஊரில் அப்படி வந்த மாடுகள் சில முதல் கோடையையே தாண்டவில்லை. மாடு செத்ததற்கும் அந்தப் பெண்ணுக்கே பழி வந்தது. சாகிவால் போன்ற வெக்கை தாங்கும் இனத்தின் கலப்பு ஐந்து லீற்றர் தந்தாலும் அது நின்று தரும். மாட்டைத் தருவதென்றால் மாரி தொடங்கும்போது தாருங்கள். அதற்கு முன் தண்ணீர் இருக்கின்றதா, வேலியில் குழை இருக்கின்றதா என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.

இந்தக் கணக்குகளுக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஒரு கொப்பி, ஒரு பென்சில், முடிச்சுப் போட்ட ஒரு கயிறு போதும். எத்தனை மாடு, எவ்வளவு வைக்கோல், கிணற்றில் எத்தனை முழம் என்ற மூன்று எண்களையும் எழுதிப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் மாற்றுவதற்கு மாசியில் காலம் இருக்கின்றது. போர் எம்மிடமிருந்து பறித்தவற்றுக்கு முன்கூட்டி ஒரு கணக்கும் பார்க்க முடியவில்லை. கோடை அப்படியல்ல. அது ஆண்டுதோறும் சொல்லிவிட்டுத்தான் வருகின்றது. சொல்லிவிட்டு வருவதற்கு நாம் ஆயத்தமாக இருக்கலாம். அடுத்த அறுவடைக்கு அறுவடை மெசின் வயலில் இறங்கும் நாளில் நீங்களும் அயல் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வைக்கோல் கேட்கப் போங்கள்.